ஹாஸ்கெல் ஊர் மரக் கிளிப் மனு

துணி காயப்போடும் மரக் கிளிப்பில் மூன்றே உறுப்புகள்தான். இரண்டு குச்சி, ஒரு கம்பிச் சுருள். இந்த மூன்றும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நோரீன் பெல்க்கியின் வேலை. முப்பத்தோரு வருடம் பார்த்தாள். ஹாஸ்கெல் ஆலையில் கிளிப்புகளை ஏந்தி ஓடும் கன்வேயர் பட்டைக்கு முன்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கோணலாக வருவதை இடது கையால் எடுத்துத் தொட்டியில் போடுவாள். வலது கைக்கு வேலை கிடையாது. அதில் காபி வைத்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆலை மேலாளர் டில்ட்டன் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார். எண்பத்து நான்கு பேர் பனி பூட்ஸோடு வந்து நின்றார்கள். டில்ட்டன் கையிலிருந்த காகிதத்தை வாசித்தார். வெளியிலிருந்து வரும் சரக்கின் விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை, ஏப்ரல் கடைசியோடு ஆலையை மூடுகிறோம், இத்தனை வருட உழைப்புக்கு நன்றி. வாசித்து முடித்ததும் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு காபி இலவசம்" என்றார்.

கேன்டீனில் காபி எப்போதுமே இலவசம்தான். குடித்துவிட்டு எல்லோரும் பட்டைக்குத் திரும்பினார்கள். அறுத்து வைத்த பிர்ச் மரம் இன்னும் ஆறு வாரத்துக்கு இருந்தது.

ஆலை மூடிய மறுவாரம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து மிஸஸ் சக்ஃபோர்த் என்ற அம்மா பழைய படைவீரர் மன்றக் கூடத்துக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, கொழுத்த கோப்பு. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்று ஒரு சட்டம் இருப்பதாகச் சொன்னாள்.

"புதுத் தொழில் படிக்க அரசாங்கம் ஃபீஸ் கட்டும். படிக்கிற வரைக்கும் வாராவாரம் ஒரு தொகை வரும். ஆனா அது தானா வராது. மனு போடணும். மூணு பேர் கையெழுத்து போட்டாப் போதும், உங்க எல்லாருக்கும் சேத்துத்தான்."

எங்கள் பக்கத்தில் விறகு தீர்ந்துபோனால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்கமாட்டார்கள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் வாஷிங்டனைப் போய்க் கேளுங்கள் என்றால் என்ன செய்வார்கள். எண்பத்து நான்கு பேரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோரீனுக்கு முழங்கால் வலி. காலை நீட்ட வசதியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதனால் மிஸஸ் சக்ஃபோர்த் தாளை அவளிடம்தான் நீட்டினாள். திருப்பிக் கொடுக்க ஒரு காரணமும் தோன்றாததால் நோரீன் கையெழுத்துப் போட்டாள். பேனா, ஆலையில் ரம்பம் தீட்டும் கிளேட்டன் பிராக்டனுடையது. அதைத் திரும்ப வாங்க எழுந்து வந்தவன் இரண்டாவது கையெழுத்தைப் போட்டான். மூன்றாவது ஆளாகக் கொதிகலன் பார்க்கும் வெண்டலை அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கலையே" என்றான் வெண்டல். "இதுல கையெழுத்து போட்டா கேட்டதா ஆகுமா?"

"மனுன்னாலே கேக்கறதுதான், வெண்டல்" என்றாள் நோரீன்.

வெண்டல் பேனாவை வாங்கினான். "அப்போ சின்னதாப் போடறேன்" என்று சொல்லிச் சின்னதாகவே போட்டான். இரண்டு வாரம் கழித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். மனுவுக்கு மீதி இருந்தது நோரீனும் கிளேட்டனும்தான்.

ஜூலையில் பதில் வந்தது. நோரீனின் கணவன் ரோலண்ட், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அதை வாசித்தான். ரோலண்ட் மரலாரி ஓட்டியவன். இடுப்பு போனபிறகு வீட்டோடு இருந்து, ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டு, வருகிற கடிதங்களையெல்லாம் வாசிப்பான்.

"இல்லைன்னுட்டான்" என்றான்.

"என்னவாம்?"

"ஆலையில யார் யாரு சரக்கு எடுத்தாங்களோ அவங்களைக் கேட்டிருக்கான். நாங்க இறக்குமதியே பண்றதில்லைன்னு சொல்லியிருக்காங்க. அதனால உன் வேலை போனதுக்கும் இறக்குமதிக்கும் சம்பந்தம் இல்லையாம். ஜனங்க துணி உலர்த்த மெஷின் வாங்கிட்டதும் ஒரு காரணமா இருக்கலாமாம்."

"மெஷின் வந்து நாப்பது வருஷம் ஆச்சு."

"அதை நீ அவன்கிட்ட சொல்லலாம். முப்பது நாள் டைம் குடுத்திருக்கான்."

ஆலையின் சரக்கில் பாதிக்கு மேல் எடுத்தது போர்ட்லண்டிலிருந்த ஒரு மொத்த வியாபாரி. அவன் இரண்டு வருடத்துக்கு முன்பே ஆர்டரைப் பாதியாக்கிவிட்டான் என்பது பட்டையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் அரசாங்கத்துக்குப் பொய் சொல்லவும் இல்லை. நியூஜெர்சியில் ஒருவன் வெளிநாட்டுச் சரக்கைக் கப்பலில் இறக்கினான். இவன் அவனிடம் வாங்கினான். வாங்கியது அமெரிக்கனிடம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

நோரீன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு உருளைக்கிழங்கு தோலைச் சீவும்போது கிழங்கும் பாதி போய்விட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலை கிளேட்டன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வண்டி ஓடுதா?"

"ஓடும். நிறுத்தினா மறுபடி கிளம்பாது."

"அப்போ நிறுத்தாதே" என்றாள்.

ஒன்பது நாளில் இருபத்திரண்டு கடைகளுக்குப் போனார்கள். இஞ்சினை ஓடவிட்டபடி கிளேட்டன் வெளியே உட்கார்ந்திருப்பான். நோரீன் உள்ளே போய் ஒரு பாக்கெட் கிளிப் வாங்கி வருவாள். கடை, ஊர், தேதி எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவன் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவான். ஆறு கடைகளில் பாக்கெட்டிலேயே சீனா என்று இருந்தது. பதினாறு கடைகளில் போர்ட்லண்ட் வியாபாரியின் பெயரும் அமெரிக்கக் கொடியும் இருந்தன; 'இங்கே பொட்டலம் கட்டியது' என்று கீழே பொடி எழுத்து. வண்டியில் வைத்து நோரீன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். குச்சி ஏதோ மெத்து மரம். சுருளில் ஒரு சுற்று குறைவு.

"இது நம்முது இல்லை" என்றாள்.

"குருடனுக்கே தெரியும்" என்றான் கிளேட்டன். "அரசாங்கத்துக்கு எப்படித் தெரிய வைக்கிறது?"

பாக்கெட்டில் இல்லாதது, பாக்கெட்டுகள் வந்த பெரிய அட்டைப்பெட்டியில் இருக்கும். பெட்டி இருப்பது கடைக்குப் பின்னால் சரக்கறையில். நோரீனின் தங்கை கெயில், மாவட்டத் தலைநகரில் பார்லோ மலிவு விலைக் கடையின் சரக்கறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். கேட்க வேறு ஆளில்லை. கெயிலிடம் எதையும் கேட்பது நோரீனுக்குப் பிடிக்காது என்பது ஒன்றுதான் இடைஞ்சல்.

கெயில் வீட்டுப் பின்பக்கம் கொடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. நோரீன் கொடியைப் பார்த்தாள். கெயில் அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

"ஆமா, எங்க கடைச் சரக்குதான்" என்றாள் கெயில். "ஸ்டாஃப் விலை. முப்பது வருஷம் கிளிப் ஆலையில இருந்தியே, ஒரு பாக்கெட்டாவது எனக்குக் கொண்டாந்திருப்பியாடி?"

"திருடச் சொல்றியா?"

"இப்போ என்னை என்ன செய்யச் சொல்ல வந்திருக்கே?"

நோரீன் சொன்னாள். கெயில் கூடையைக் கீழே வைத்தாள்.

"வேலை போயிடும் எனக்கு."

"காலிப் பெட்டிடி. நீங்களே கிழிச்சுக் குப்பையில போடறதுதானே."

"குப்பையானாலும் கடைக் குப்பை. உன் வேலைதான் போச்சு, என் வேலையும் போனா ரெண்டு பேருமா உக்காந்து ரோலண்டோட பேஸ்பால் கேக்கலாம்."

நோரீன் வண்டிக்குத் திரும்பி நடந்தாள். முழங்காலால் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அவள் வேண்டுமென்றே அப்படி நடப்பதுபோல் தனக்குப் பட்டது என்று கெயில் பிற்பாடு சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் அவரைக்கொட்டை விருந்து. அவரவர் வீட்டில் வேகவைத்த அவரையை மண்பானையோடு கொண்டுவந்து நீளமேசையில் வைப்பது வழக்கம். கெயில் தன் பானையை ஓர் அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். பெட்டியை நேராக நோரீனுக்கு முன்னால் வைத்தாள்.

"பானை சூடு" என்றாள். "பெட்டியை நீயே வச்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

பெட்டியின் பக்கவாட்டில் எல்லாம் இருந்தது. போர்ட்லண்ட் வியாபாரியின் பெயர், சரக்கு எண், எத்தனை டஜன், எந்த நாட்டில் செய்தது, எந்தத் துறைமுகத்தில் ஏறியது. அவரையில் போட்ட வெல்லப்பாகு வழிந்து ஒரு மூலை பிசுபிசுத்திருந்தது. நோரீன் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அப்படியே மடித்து, நோட்டுப் பக்கங்களோடும் இருபத்திரண்டு கிளிப்புகளோடும் வாஷிங்டனுக்கு அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது. லிபர் என்று பெயர் சொன்னான். இளவயதுக் குரல். விசாரணை அதிகாரியாம்.

"பெட்டி கிடைச்சுது, மேடம். ரொம்ப உதவியா இருந்தது. அதுல எறும்பு இருந்தது, பரவாயில்லை. ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. நீங்க ஆலையில செஞ்ச கிளிப்பும் இந்த இறக்குமதிக் கிளிப்பும் ஒரே மாதிரிப் பொருள்தானா?"

"இல்லைங்க" என்றாள் நோரீன். "எங்களுது பிர்ச் மரம். கம்பி ஏழு சுத்து. பத்து வருஷம் உழைக்கும். அது ரெண்டு சீசன்ல வாயைப் பொளந்துடும்."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், நான் இப்போ எழுதிக்கலை" என்றான் லிபர். "சட்டம் என்ன சொல்லுதுன்னா, இறக்குமதியான பொருள் உங்க பொருளுக்கு இணையானதா, அதோட நேரடியாப் போட்டி போடறதா இருக்கணும். உங்களுது வேற, அது வேறன்னு நீங்களே சொன்னா, உங்களுக்கும் அதுக்கும் போட்டியே இல்லைன்னு ஆயிடும். மறுபடி கேக்கறேன். ரெண்டும் ஒரே மாதிரிப் பொருள்தானா?"

நோரீன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, விறகு அடுக்கு மட்டும்தான். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கிளிப் அவள் கண்முன்னால் போயிருக்கும் என்று ஒருமுறை கணக்குப் பார்த்திருக்கிறாள். அதில் கோணல் ஒன்றைத் தவறவிட்டாலும் அன்று முழுக்க உறுத்தும். இப்போது எண்பத்து நான்கு பேர் வீட்டில் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

"வாங்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க."

போனை வைத்ததும் ரோலண்ட் ரேடியோவைக் குறைத்தான். "என்ன சொன்னே?"

"ஒண்ணுதான்னு சொன்னேன்."

"ஒண்ணா?"

"இல்லை."

"சரி" என்று ரேடியோவைப் பழையபடி கூட்டினான். அன்றைக்குச் சாப்பாட்டை அவனே செய்தான். சிவப்பு ஹாட் டாக், வேகவைத்தது. அதுதான் அவனுக்குத் தெரியும்.

கிளேட்டனிடம் சொன்ன பிறகு அவன் நாலு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து வாசற்படியில் நின்று, "எங்கப்பாவும் அங்கதான் ரம்பம் தீட்டினாரு" என்றான்.

"அது மனுவுல வராது, கிளேட்டன்."

"தெரியும். வராதுன்னுதான் உன்கிட்ட சொல்றேன்."

நோரீன் அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் நடுவில், மான் வேட்டைப் பருவம் தொடங்குமுன், முந்தைய தீர்ப்பை மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. எண்பத்து நான்கு பேருக்கும் உதவி உண்டு. மறுபடி மன்றக் கூடத்தில் கூட்டம். கேட்க வெட்கப்பட்டவர்கள் எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நோரீனுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

படிப்புகளின் பட்டியல் ஒன்று கைமாறியது. மருத்துவமனைப் பில் எழுதுவது, முடிதிருத்துவது, லாரி ஓட்டுவது, கம்ப்யூட்டர், வெல்டிங், இன்னும் சில. பில் எழுதும் படிப்பு உட்கார்ந்து செய்கிற வேலை, சுத்தமான வேலை என்று இருபத்து மூன்று பெண்கள் அதில் பெயர் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் டாக்டர்களே ஒன்பது பேர்தான்.

நோரீன் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்து ஊராட்சி அலுவலகங்களுக்கெல்லாம் போன் போட்டு, உங்களிடம் வேலைக்கு ஆள் கிடைக்காத இடம் எது என்று கேட்டாள். பதினோரு ஊரில் ஏழு ஊர் ஒரே பதிலைச் சொன்னது. பட்டியலில் கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தது அந்தப் படிப்பு.

"கழிவுநீர் சுத்திகரிப்பா?" என்றாள் மிஸஸ் சக்ஃபோர்த். "நெஜமாவா, நோரீன்? இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை."

"அதனாலதான் கேக்கறேன்."

"நாத்தம் அடிக்குமே."

"அடிக்கும். ஆனா கப்பல்ல வராது, மேடம்."

மிஸஸ் சக்ஃபோர்த் சிரிக்காமல் முத்திரை குத்தினாள்.

கிளேட்டன் எதையும் படிக்க மறுத்துவிட்டான். "பதினாலு வயசுல ஸ்கூலை விட்டு ஓடினேன். நல்லா ஓடிட்டேன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருக்கேன்" என்றான். கொஞ்ச காலம் விறகு வெட்டினான். பிறகு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடம் போகிறான், உள்ளே மட்டும் போவதில்லை.

நோரீன் படித்த தொழிற்கல்லூரி ஐம்பது மைல் தள்ளி. ஜனவரிப் பனியில் ஒன்றரை மணி நேரம். வகுப்பில் பன்னிரண்டு பேர்; அவளுக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்தாறு வயது. தசமக் கணக்கில் ஆரம்பித்துத் தொட்டிக் கொள்ளளவு வரைக்கும் வந்தபோது ஏப்ரல் ஆகிவிட்டது. அழுக்குத் தண்ணீரைக் கிருமிகள்தான் தின்று சுத்தம் செய்கின்றன, அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. முப்பத்தோரு வருடம் கோணல் பார்த்த கண்ணுக்கு மைக்ராஸ்கோப் சுலபமாக வசப்பட்டிருக்கும் என்று நினைக்கலாம். வசப்படவில்லை. முதல் மாதம் முழுக்கத் தன் இமைமயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைப் படமாகவும் வரைந்து கொடுத்தாள்.

உரிமத் தேர்வில் முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் தோற்றாள். வாராந்திரத் தொகை அதற்குள் நின்றுவிட்டது. அந்தக் கோடை முழுவதும் ஒரு மோட்டலில் அறை துடைத்துக்கொண்டே படித்தாள். ரோலண்ட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான். பதில் சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. அவள் தயங்கினால் தப்பு என்று வைத்துக்கொள்வான். நவம்பரில் தேறினாள்.

அடுத்த பிப்ரவரியில் பக்கத்து ஊரான லிண்டனில் வேலைக்கு எடுத்தார்கள். ஆலையில் வாங்கியதைவிடச் சம்பளம் சற்றே குறைவு. முதல் வருடம் சர்ச் விருந்தில் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தினமும் இரண்டு தடவை குளித்தாள், அப்படியும் காலியாகத்தான் இருந்தது. இரண்டாம் வருடம் வசந்தத்தில் பனி உருகி, பாதி ஊரின் நிலவறைகளில் சாக்கடை எதிர்த்து வந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து, தங்கள் வீட்டுக் குழாய்களைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். சாப்பிடுகிற நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில், நெடுஞ்சாலையில் பெரிய கடை ஒன்று வந்ததால் பார்லோ கடை மூடப்பட்டது. கெயில் நோரீன் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அந்த மனு எப்படிப் போடறதுன்னு சொல்லு."

நோரீன் மிஸஸ் சக்ஃபோர்த்துக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.

"உங்களுக்குக் கிடைக்காதாம்."

"ஏன்?"

"ஏதாவது ஒரு பொருளைச் செஞ்சவங்களுக்குத்தான் அந்தச் சட்டம். நீங்க செய்யலையாம். வித்தீங்களாம்."

கெயில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "இருபது வருஷம் பெட்டி தூக்கியிருக்கேன்."

"சொன்னேன்."

"அந்தச் சரக்கு வந்ததுக்கு உனக்குப் பணம் குடுத்தான். அதே சரக்கை இறக்கி வச்ச எனக்கு இல்லையா?"

"மோட்டல்ல ஆள் எடுக்கறாங்க" என்றாள் நோரீன். கெயில் எழுந்து போய்விட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் சகோதரிகள் பேசிக்கொள்ளவில்லை. அவரைக்கொட்டை விருந்தில் கெயில் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மார்ச் மாதம் நோரீன் நேரில் போய், கெயிலின் பேரைச் சொல்லி லிண்டன் பள்ளி உணவுக்கூடத்தில் கேட்டாள். தனக்காகக்கூட அவள் அப்படிப் போய்க் கேட்டதில்லை. வேலை கிடைத்தது. கெயில் நன்றி சொல்லவில்லை; ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள், வரும்போது தானே சுட்ட ஆப்பிள் பை ஒன்று கொண்டுவந்தாள், மிச்ச நேரம் ரோலண்டோடு பேஸ்பால் கேட்டாள்.

அறுபத்தொன்பதாவது வயதில் நோரீன் ஓய்வு பெற்றாள். ஊராட்சி அவளுக்கு ஒரு கேக்கும், தொட்டிகளை மேலேயிருந்து எடுத்த ஒரு புகைப்படமும் கொடுத்தது. அவள் இடத்துக்கு விளம்பரம் கொடுத்தார்கள். நாலு மாதம் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. ஐந்தாம் மாதம் ஒருவன் வந்தான், மூன்று நாள் இருந்தான். அதனால் நோரீன் செவ்வாயும் வெள்ளியும் இன்னும் போய்வருகிறாள். மூன்று வருடம் ஆகிறது.